மூன்றாம் பெட்டி மாங்காய்

ஜூன் 16

இன்று என் மகளின் ஆராய்ச்சியில் ஒரு பகுதியை நான் தின்றுவிட்டேன்.

வேண்டுமென்று செய்ததல்ல. மத்தியானம் பாத்திரக் கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்தேன். இந்திராணி அப்போதுதான் ரசம் தாளித்துக்கொண்டிருந்தாள். பசி. மாடி அறைக்குப் போனால் மேசையில் ஒரு நீலம் மாங்காய் தனியாக உட்கார்ந்திருந்தது. பாதி பழுத்த செங்காய். மேலே ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருந்தது. இப்போதெல்லாம் பழத்துக்குச் சீட்டு ஒட்டித்தானே விற்கிறார்கள் என்று அதைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தோலோடு கடித்தேன். கொட்டையைச் சப்பிக்கொண்டிருக்கும்போது அபிநயா தராசோடு வந்தாள்.

"அப்பா, ஒண்ணாம் பெட்டி நாலாம் நம்பர் எங்க?"

பதில் சொல்ல வாய் இல்லை. வாயில் நாலாம் நம்பர் இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குப் பாடம் நடத்தினாள். மரத்திலிருந்து பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறதாம். மூச்சு விடுகிறதாம்.

"மூக்கு எங்கம்மா இருக்கு?"

"தோல் பூரா மூக்குதான்ப்பா."

நான் பிளஸ் டூவில் வேதியியலில் விழுந்தவன். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை. "இந்த ரூம்ல இனிமே எதையும் திங்கக் கூடாது" என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். செய்து கொடுத்தேன். ரசம் நன்றாக இருந்தது.

ஜூன் 17

எவர்சில்வர் ஏஜென்ட் வருஷா வருஷம் கொடுக்கும் இந்த டைரியில் வழக்கமாகக் கொள்முதல் விவரம்தான் எழுதுவேன். நேற்று மாங்காய் எழுதியாகிவிட்டது. அதையே தொடர்கிறேன்.

விஷயம் இதுதான். அபிநயா எம்.எஸ்சி. கடைசி வருஷம். கல்லூரியில் ஆய்வகக் கூரை ஒழுகி மராமத்து நடக்கிறது. அதனால் ஆய்வு எங்கள் வீட்டு மாடிக்கு வந்துவிட்டது. மூன்று பெட்டி மாங்காய். எல்லாம் ஒரே தோப்பில் ஒரே நாளில் பறித்தவை. முதல் பெட்டிக்கு ஒன்றும் செய்யவில்லை. இரண்டாவதற்குக் கம்பெனிக்காரர்கள் தடவும் மெழுகு. மூன்றாவது அவளுடைய சொந்த யோசனை. என்ன யோசனை என்று சொன்னாள். அப்போது கடையிலிருந்து போன் வந்ததால் பாதிதான் காதில் விழுந்தது.

ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு காயை எடுத்துக் கண்ணாடி ஜாடிக்குள் வைத்து இறுக மூடுகிறாள். உள்ளே ஒரு கிண்ணத்தில் ரோஸ் நிறத்தில் காரக் கரைசல். காய் விடும் மூச்சை அது குடித்துக்கொள்ளுமாம். பிறகு கிண்ணத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். அந்த ரோஸ் நிறம் மறையும் இடத்தில் நிறுத்தி, எவ்வளவு மூச்சு என்று கணக்குப் போடுகிறாள்.

என் பங்குக்கு இன்று ஆறு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்தேன். கடையில் எது விற்றாலும் பேர் வெட்டிக் கொடுப்பது என் வழக்கம். கை தானாகவே வெட்டிவிட்டது. கிண்ணத்தைத் திருப்பிப் பார்த்து அபிநயா விழுந்து விழுந்து சிரித்தாள். "மணமக்களுக்கு அன்பளிப்பு."

ஜூலை முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் டெல்லியில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறாள். நுழைவுத் தேர்வில் தேறிவிட்டாள். இடம் காத்திருக்கிறது. கொடுக்காவிட்டால் இடம் போய்விடும்; அடுத்த வருஷம்தான்.

டெல்லி நல்ல ஊர். போகட்டும். எனக்கொன்றும் இல்லை.

ஜூன் 19

இன்று ஏஜென்ட் வந்தார். டெல்லியில் இட்லிக் கொப்பரை விற்குமா என்று விசாரித்தேன். சும்மாதான் கேட்டேன்.

அபிநயா மதுரைக்குப் போயிருக்கிறாள். வழிகாட்டிப் பேராசிரியை ஹெப்சிபா மேடத்தைப் பார்த்து, நூலகத்தில் வேலை முடித்து, மூன்று நாள் கழித்து வருவாள். போகும்போது, "ஃபேன் மட்டும் ஓடட்டும்ப்பா. எதையும் திங்காதீங்க" என்றாள்.

சாயங்காலம் ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கப் போனேன். முதல் பெட்டி பொன் நிறத்தில் மணக்கிறது. இரண்டாம் பெட்டியில் மஞ்சள் ஏறத் தொடங்கிவிட்டது. மூன்றாம் பெட்டி? பறித்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே. பச்சைக் கல். முகர்ந்து பார்த்தால் வாசனையும் இல்லை.

மனசுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கம்பெனி மெழுகு தடவியது தேறிவிட்டது. ஒன்றும் செய்யாததுகூடத் தேறிவிட்டது. என் பிள்ளை சொந்தமாக யோசித்துச் செய்தது மட்டும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. கடைசி பெஞ்சின் கஷ்டம் எனக்குத் தெரியும்.

ஜூன் 20

காலையில் சிக்கந்தர் பாய் மண்டிக்குப் போனேன். இந்த நத்தம் ஊரில் மாங்காயைப் பற்றி அவரைக் கேட்காமல் யாரைக் கேட்பது?

"பாய், ஒரு நண்பருக்குச் சந்தேகம். காய் பழுக்க மாட்டேங்குதாம்."

"எந்த நண்பர்? உங்களுக்கு என்னைய விட்டா யாரு இருக்கா?"

"சொல்லுங்க பாய்."

"அரிசிக்குள்ள புதைக்கச் சொல்லுங்க. கூட நல்லாப் பழுத்த வாழைப்பழம் ஒரு சீப்பு. ரெண்டே நாள். புதுப்பொண்ணு கன்னம் மாதிரி ஆயிரும்."

வரும் வழியில் பூவன் ஒரு சீப்பு வாங்கினேன். இந்திராணி கோயிலுக்குப் போயிருந்தாள். மூன்றாம் பெட்டியை இறக்கினேன். காய்களின் மேல் ஏதோ வழவழவென்று காய்ந்து ஒட்டியிருந்தது. படிக்கிற பிள்ளை, கழுவ மறந்திருப்பாள் என்று ஒவ்வொன்றையும் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்தேன். சீட்டு மட்டும் கிழியாமல் பார்த்துக்கொண்டேன். அதில் நான் கவனம். எல்லாவற்றையும் அரிசி டிரம்மின் அடியில் புதைத்து, வாழைப்பழத்தையும் வைத்து, இந்திராணி கண்ணில் படாதபடி மேலே அரிசியைப் பரப்பி மூடினேன்.

திங்கக் கூடாது என்றுதான் சத்தியம். ஒன்றைக்கூடத் தின்னவில்லை.

ஜூன் 22

காலையில் எடுத்தேன். பாய் சொன்னால் சொன்னதுதான். எல்லாம் நிறம் ஏறி, விரல் பட்டால் அமுங்குகிறது. நம்பர் வரிசை மாறாமல் பெட்டியில் அடுக்கிவிட்டு, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு பரீட்சையில் தேறியவன்போலக் கடைக்குப் போனேன்.

மத்தியானம் அபிநயா வந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்க்க ஆசையாக வந்தேன். மூன்றாம் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒரு பழத்தை வெட்டி அயோடின் விட்டுப் பார்த்தாள். மாவு இருந்தால் கருநீலமாகும். ஆகவில்லை. ஜாடியில் வைத்து மூச்சு பார்த்தாள். முதல் பெட்டியைவிட அதிகம்.

சந்தோஷத்தில் பேச்சு வரவில்லைபோல என்று நினைத்தேன். பிறகு போனில் பேசினாள்.

"கத்தாழை வேலை செய்யல மேடம். மூணு நாளைக்கு முன்னாடி வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு. திடீர்னு எல்லாம் பழுத்துருச்சு... ஆமா மேடம். பழுக்காம நிறுத்தி வைக்கத்தான... தெரியல மேடம். என் யோசனையே தப்பு போல."

பழுக்காமல் நிறுத்தி வைக்க.

கீழே வந்து சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். சட்டை ஏற்கெனவே போட்டிருந்தேன் என்பது கடைத்தெருவில்தான் தெரிந்தது.

ஜூன் 23

வியாபாரம் மந்தம். வேறு எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 24

இன்றும் மந்தம். அபிநயா சரியாகச் சாப்பிடவில்லை. டெல்லிக்கு எழுதி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். இந்திராணி என்னிடம் சொன்னாள். "அவசரப்பட வேணாம்னு சொல்லு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 25

சொல்ல வேண்டியிருக்கவில்லை. சோறு சொல்லிவிட்டது.

மத்தியானம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். இந்திராணி சோற்றை முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, சோத்துல மாம்பழ வாசம் அடிக்கிது? குளிக்கிறப்ப மூக்குல தண்ணி ஏறிருச்சோ எனக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றேன், கொஞ்சம் வேகமாக.

அபிநயாவின் கை பாதி வழியில் நின்றது. உருண்டையை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்துபோய் அரிசி டிரம்மைத் திறந்து கையை உள்ளே விட்டாள். நான் எண்ணி எடுத்ததாக நினைத்த பூவன் சீப்பில் ஒரு பழம் மிச்சம் இருந்திருக்கிறது. கறுத்துப்போய் வெளியே வந்தது.

"அப்பா."

"திங்கலைம்மா. சத்தியமா ஒண்ணுகூடத் திங்கல."

"எதுக்குப்பா இதுக்குள்ள வச்சீங்க?"

"பின்தங்கிப் போச்சேன்னு... உன் யோசனையாச்சே. மத்ததெல்லாம் தேறிருச்சு, இது மட்டும் பச்சையா கெடந்துச்சு. பாவமா இருந்துச்சு."

"மேல தடவியிருந்தது?"

"அதையா? தொடச்சிட்டேன். சுத்தமா."

"அது பழுக்காம இருக்கத்தான்ப்பா ஆறு மாசமா உசுர விட்டுக்கிட்டிருக்கேன்! அந்தக் கத்தாழைதான்ப்பா என் ஆராய்ச்சியே!"

இந்திராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இந்த மனுசனுக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே பரீட்சை வச்சுப் பாத்திருக்கணும்" என்றாள்.

அபிநயா அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. "அப்ப என் யோசனை தப்பில்ல. அப்பாதான் தப்பு!" என்று அந்தக் கறுத்த வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டினாள். என் வாழ்க்கையில் நான் தப்பு என்று தெரிந்து ஒருத்தருக்கு இவ்வளவு சந்தோஷம் வந்து பார்த்ததில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு முழுசாகச் சொல்லிக் கொடுத்தாள். இந்த முறை போன் வந்தும் நான் எடுக்கவில்லை. காய்க்குள்ளே நொதி என்று வேலையாட்கள் இருக்கிறார்களாம். ஒரு கூட்டம் மாவை உடைத்துச் சர்க்கரையாக்கும். ஒரு கூட்டம் சுவரை இளக்கிக் காயை மெத்தென்று ஆக்கும். இன்னொன்று பச்சை நிறத்தைக் கலைக்கும். அடியில் இருக்கும் மஞ்சள் வெளியே தெரியும். இத்தனை பேருக்கும் தெம்பு அந்த மூச்சிலிருந்துதான். தோலின் மேல் கற்றாழைக் கூழ் பூசினால் மூச்சு குறையும், வேலையும் மெதுவாகும். காய் எவ்வளவு தூரம் போனாலும் கெடாமல் போய்ச் சேரும்.

"வாழைப்பழம் என்னம்மா பண்ணுச்சு?"

"பழுத்த பழம் எத்திலீன்னு ஒரு வாயு விடும்ப்பா. பக்கத்துல இருக்கிற காயெல்லாம் அதுல உசுப்பிக்கிட்டுப் பழுக்க ஆரம்பிச்சிரும். நீங்க அதை டிரம்முல போட்டு மூடி வேற வச்சிருக்கீங்க."

ஆக, உலகத்திலேயே சிறந்த முறையில் என் மகளின் ஆராய்ச்சியைக் கெடுத்திருக்கிறேன். இதற்காவது ஒரு பட்டம் கொடுக்கலாம்.

ஜூன் 26

ஹெப்சிபா மேடம் போனில் ரொம்ப நேரம் சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, மூன்றாம் பெட்டியை மட்டும் புதிதாகச் செய்தால் செல்லாது, மூன்று பெட்டியும் முதலிலிருந்து வேண்டும் என்றாராம். அதே ரகம், ஒரே மரம், ஒரே முத்தல். இந்த வாரம் தொடங்கினால்தான் ஜூலைக்குள் முடியும்.

பாயிடம் ஓடினேன். மண்டியில் சாக்குதான் கிடந்தது.

"இந்த வருசம் மழை முந்திப் பேஞ்சு சீசனே முடிஞ்சிருச்சு. நீலமா? இனிமே அடுத்த வருசம்தான் சோலையப்பண்ணே."

அடுத்த வருஷம்.

ஜூன் 28

இரண்டு நாளாக மொபெட்டில் தோப்புத் தோப்பாகச் சுற்றினேன். நேற்று ஒரு தோப்பில் நாய் என் வேட்டியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. "நானும் வர்றேன்ப்பா" என்றாள் அபிநயா. வேண்டாம் என்றுவிட்டேன். கெடுத்தவன்தானே தேட வேண்டும்.

இன்று சிறுமலை அடிவாரத்தில் மூக்கையா என்ற குத்தகைக்காரரின் தோப்பு. பாய் சொல்லி அனுப்பியது. வீட்டு ஊறுகாய்க்கென்று ஒரே ஒரு நீலம் மரத்தைப் பறிக்காமல் விட்டுவைத்திருந்தார்.

"எத்தனை டன் வேணும்ணே?"

"மூணு பெட்டி. எல்லாம் ஒரே கனம். காம்போட வேணும். பால் வடியக் கூடாது. கீழ விழக் கூடாது."

"கோயில் காரியமாண்ணே?"

"இல்ல. மூச்சு எண்ணணும்."

மூக்கையா கிட்டே வந்து என் வாயை லேசாக முகர்ந்தார். "காலங்காத்தாலயேவாண்ணே?"

எல்லாவற்றையும் விளக்கினேன், நொதி உட்பட. பாதி எனக்கே புரிந்தது. அவருக்கு டெல்லி மட்டும் புரிந்தது.

"பொம்பளப் பிள்ளைய அம்புட்டுத் தூரம் அனுப்பிச்சிட்டு நீங்க இங்க என்னண்ணே பண்ணுவீங்க?"

"பாத்திரம் விப்பேன்."

மூக்கையா மரத்தடிக்குப் போனார். துரட்டியில் வலையைக் கட்டி ஒவ்வொன்றாக இறக்கினார். நான் கீழே மிச்சமிருந்த வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊறுகாய்க்குக் கல்லாமை ரக மாங்காய் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அவர் வீட்டு அண்டாவுக்கெல்லாம் பேர் வெட்டித் தருவதாகச் சொன்னேன்.

திரும்பும் வழியில் வண்டி சூடாகிவிட்டது. ஒரு புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். வண்டி ஆறிய பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நல்ல காற்று.

வீட்டுக்கு வந்ததும் அபிநயா ஓடிவந்து பெட்டியைத் திறந்து பார்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். சட்டையெல்லாம் மாம்பால். துவைத்தும் போகவில்லை.

ஜூலை 3

மாடி அறைக்கு இப்போது நான்தான் காவல். தெருவில் வாழைப்பழம் விற்கும் தள்ளுவண்டி வந்தால் நான்கு வீடு தள்ளியே நிறுத்துகிறேன். ஊதுபத்திப் புகையும் காயை உசுப்பிவிடுமாம். அதுவும் தடை.

இன்று வெள்ளிக்கிழமை. பழமும் இல்லாமல் பத்தியும் இல்லாமல் விளக்கு ஏற்றினாள் இந்திராணி.

"உங்க மக மாங்கா பழுக்காம இருக்க, எங்க முருகன் பட்டினி கெடக்கணுமா?"

"கல்கண்டு வையி."

"நாள் பூரா கல்கண்டு தின்னா அவருக்குச் சக்கரை வியாதிதான் வரும்."

அபிநயா மாடிப்படியிலிருந்து, "அம்மா, அந்தக் கல்கண்டுல எனக்கும் கொஞ்சம்" என்றாள். இந்த வீட்டில் இவள் குரல் மாடியிலிருந்துதான் எப்போதும் இறங்கி வரும். இன்றுதான் கவனித்தேன்.

ஜூலை 12

முதல் பெட்டி முழுக்கப் பழுத்தாகிவிட்டது. மூச்சு விறுவிறுவென்று ஏறி உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கிவிட்டதாம். வரைந்து காட்டினாள். சிறுமலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல இருந்தது. இரண்டாம் பெட்டி மலையில் பாதி ஏறியிருக்கிறது. மூன்றாம் பெட்டியின் கோடு இன்னும் அடிவாரத்தில் தரையோடு ஊர்கிறது.

ஜூலை 16

முதல் பெட்டி அழுகத் தொடங்கிவிட்டது. மூன்றாம் பெட்டி இன்னும் பச்சை! வெட்டி அயோடின் விட்டாள். கருநீலம். இதைவிட அழகான நிறத்தை நான் பார்த்ததில்லை.

கடைக்கு வந்து, "பழுக்கல! எங்க மூணாம் பெட்டி பழுக்கல!" என்று கத்திவிட்டேன். குக்கர் வாங்க வந்த ஒரு அம்மா குக்கரை வைத்துவிட்டுப் போய்விட்டார். பாய்க்கு மிட்டாய் கொண்டுபோனேன்.

"மாங்கா பழுக்கலைன்னு மிட்டாய் குடுக்கிற ஆளை இப்பத்தான் பாக்குறேன். என் மண்டியில இதைச் சத்தமாச் சொல்லாதீங்க, யாவாரம் படுத்துரும்."

ஜூலை 29

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. ஹெப்சிபா மேடம் நன்றாக வந்திருக்கிறது என்றாராம். டெல்லியிலிருந்தும் பதில் வந்துவிட்டது. ஆகஸ்ட் எட்டாம் தேதி ரயில்.

இந்திராணி முருகனுக்கு ஒரு தார் வாழைப்பழம் வைத்தாள்.

ஆகஸ்ட் 2

இரண்டு போர்வை வாங்கினேன். டெல்லியில் இப்போது நம் ஊரைவிட வெயிலாம். இருக்கட்டும்.

ஆகஸ்ட் 7

நாளை கிளம்புகிறாள். இரண்டு பெட்டி கட்டியாகிவிட்டது. இந்திராணி மூன்றாவதைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், வடகம். நான் கொடுத்த இட்லிக் கொப்பரையை அபிநயா எடுத்து வெளியே வைத்தாள். நான் உள்ளே வைத்தேன். மறுபடியும் வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் அட்டை போட்ட ஆய்வேட்டின் ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தாள். முன்பக்கம் நன்றியுரை. மேடத்துக்கு நன்றி, அம்மாவுக்கு நன்றி. அடுத்து: "பூச்சு நீங்கிய காய் எத்திலீன் சூழலில் எவ்வளவு விரைவாகப் பழுக்கும் என்பதை, கேட்காமலேயே செய்து காட்டிய என் தந்தைக்கு."

"இது இருக்கட்டுமா, எடுத்திரட்டுமான்னு மேடம் கேட்டாங்கப்பா. இருக்கட்டும்னுட்டேன்."

"உலகம் பூராப் படிக்குமேம்மா."

"உலகம் பூரா எங்க படிக்கப்போகுது? நாலு பேரு. அதுல ஒரு ஆளு நீங்க."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"ஏம்ப்பா, அன்னைக்கு அந்தத் தோப்புலயும் காய் இல்லைன்னுட்டா என்ன பண்ணியிருப்பீங்க?"

"சேலத்துக்குப் பஸ் ஏறியிருப்பேன். அங்கயும் இல்லைன்னா கிருஷ்ணகிரி."

"செய்வீங்க. உங்களத் தெரியாதா?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியின் பூட்டைச் சரிபார்க்கப் போய்விட்டாள்.

தோப்பில் காய் கிடைத்து, பெட்டியை வண்டியில் கட்டிய பிறகும், "கிடைக்கலம்மா" என்ற ஒரு சொல்லை வாயிலேயே வைத்துக்கொண்டு வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.